வியாகுல அன்னையின் ஊரில் திருவிழா: திண்டுக்கல் சமவெளியில் கிறித்தவ மகிழ்ச்சி கண்ட வடிவங்கள்

கிறித்தவ வாழ்வில் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசும் நூல்கள் பெரும்பாலும் அதைத் தனிமனிதரின் உள்ளத்துக்குள் நிகழும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டு, கவலையை விரட்டும் வழிகளையும் நல்லெண்ணத்தை வளர்க்கும் பயிற்சிகளையும் அடுக்கிச் செல்கின்றன. நேர்மறைச் சிந்தனையின் ஆற்றலைப் பற்றி நியூயார்க் போதகர் நார்மன் வின்சென்ட் பீல் எழுதிய நூல் 1952-இல் வெளிவந்து உலகெங்கும் விற்பனையான பின்னர், இந்தப் போக்கு தமிழ்க் கிறித்தவச் சிற்றேடுகளிலும் கூட்ட மேடைகளிலும் பரவலாக இடம்பிடித்தது. திண்டுக்கல் நகரத்திலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் கடந்த மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவரும் கிறித்தவர்களின் வரலாறோ வேறொரு நிலைமையைக் காட்டுகிறது. அங்கே மகிழ்ச்சி என்பது ஊர் கூடிச் செய்யும் வேலையாக இருந்தது. அது அண்டாவில் வெந்தது, தேரில் ஏறியது, மேளத்தோடு பாடப்பட்டது, வாடிவாசல் வழியே பாய்ந்தது. அதைப் பார்த்த திருச்சபை அதிகாரிகள், கத்தோலிக்கரானாலும் சீர்திருத்தச் சபையினரானாலும், முதலில் ஐயுற்றார்கள், பிறகு கட்டுப்படுத்த முயன்றார்கள், இறுதியில் பெரும்பாலும் வழிவிட்டார்கள்.

இந்தச் சமவெளி மகிழ்ச்சிக்கு எளிதில் இடம் தந்த நிலமும் அன்று. திண்டுக்கல் மலைக்கோட்டையைக் கைப்பற்றுவோர் கையில் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் இடைப்பட்ட வழி இருந்ததால், 1755-இல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக, அதாவது படையும் வரிவசூலும் சேர்ந்த பொறுப்பாளராக, அமர்ந்ததிலிருந்து 1790-இல் ஆங்கிலேயர் இறுதியாகப் பிடிக்கும் வரை கோட்டை மீண்டும் மீண்டும் கைமாறியது. 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகே அது கிழக்கிந்தியக் கும்பினியின் கையில் நிலைத்தது. போர் ஓய்ந்த சில ஆண்டுகளிலேயே, 1809 முதல் 1811 வரை, திண்டுக்கல், மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலிப் பகுதிகளைக் கொடுங்காய்ச்சல் ஒன்று வாட்டியெடுக்க, அதை ஆராய வில்லியம் எயின்ஸ்லி முதலான மருத்துவர்களைக் கும்பினி அரசு நியமிக்கும் அளவுக்கு உயிரிழப்பு பெரிதாயிற்று. காய்ச்சலுக்குப் பின் காலரா வந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் வந்தது. கோட்டையடியில் குடிகொண்ட கோட்டை மாரியம்மனுக்கு மாசித் திருவிழாவில் இந்நகரத்தார் எடுக்கும் பூச்சட்டியையும், அதே சமவெளிக் கத்தோலிக்கர் செபஸ்தியாருக்கு எடுக்கும் தேரையும் ஒரே அச்சத்தின் இரு மறுமொழிகளாகக் கொள்வதில் தவறில்லை.

மகிழ்ச்சிக்கும் அச்சத்துக்கும் உள்ள இந்த உறவு கிறித்தவத்துக்குப் புதியதும் அன்று. பிலிப்பி நகரத்தாருக்குப் பவுல் எழுதிய திருமுகம் மகிழ்வைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுகிறது, ஆனால் அது எழுதப்பட்ட இடம் சிறைச்சாலை. திண்டுக்கல் பகுதிக்குக் கத்தோலிக்கத்தைக் கொண்டுவந்த இயேசு சபையாரும், தம் நிறுவனர் இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மிகப் பயிற்சிகளில் நான்கு வாரப் படிகளைக் கடந்துவர வேண்டியவர்கள். அவற்றுள் பாடுகளைத் தியானிக்கும் மூன்றாம் வாரத்தைத் தாண்டித்தான் உயிர்ப்பின் மகிழ்வைத் தியானிக்கும் நான்காம் வாரம் வருகிறது. இந்த வரிசைமுறை ஏட்டில் இருந்ததைவிடச் சமவெளியின் திருவிழா நாட்காட்டியில் தெளிவாகப் புலப்பட்டது.

திண்டுக்கல் நகரை அடுத்த முத்தழகுபட்டியில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் நடைபெறும் புனித செபஸ்தியார் திருவிழாவை இதற்கு முதல் சான்றாகக் கொள்ளலாம். செபஸ்தியார் மூன்றாம் நூற்றாண்டு உரோமைப் படைவீரர். தியோக்ளேசியன் பேரரசன் காலத்தில் கம்பத்தில் கட்டி அம்பெய்யப்பட்டும் உயிர் பிழைத்து, ஐரீன் என்னும் பெண்ணின் பராமரிப்பில் தேறி, மீண்டும் பேரரசன்முன் சென்று நின்றதால் தடியால் அடித்துக் கொல்லப்பட்டவர் என்பது மரபு. கொள்ளைநோய் விண்ணிலிருந்து பாயும் அம்பு என்ற பழைய எண்ணம் ஐரோப்பாவில் நிலவியதால், அம்புக்குத் தப்பிய இவரை நோய்க்கும் காவலராகக் கருதினர். 680-இல் இத்தாலியின் பவீயா நகரில் நோய் பரவியபோது இவருக்குப் பலிபீடம் எழுப்பிய பின் அது தணிந்தது என்று பவுல் என்னும் துறவி வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். பஞ்சம், படை, கொள்ளைநோய் ஆகிய மூன்றிலிருந்தும் காக்கும்படி இவரிடம் வேண்டும் வழக்கம் தமிழகத்துக்கு வந்தபோது, அம்மூன்றையும் அடுத்தடுத்துக் கண்ட ஒரு நிலத்தில் அது வேர்பிடித்ததில் வியப்பில்லை. தமிழக ஊர்ப்புறங்களில் செபஸ்தியாருக்குக் கட்டப்பட்ட சிற்றாலயங்களின் எண்ணிக்கை, ஐரோப்பியப் புனிதர் பலருக்கும் கிட்டாத ஒன்று.

முத்தழகுபட்டியில் கவனிக்கத்தக்கது அச்சம் விருந்தாக மாறும் முறை. நோய் நீங்கவும் பிள்ளைப்பேறு வேண்டியும் வேலை கிடைக்கவும் நேர்ந்துகொண்டவர்கள் ஆட்டுக்கிடாயும் கோழியும் அரிசியும் கத்தரிக்காயும் தக்காளியும் வெங்காயமுமாகக் காணிக்கைகளைக் கொண்டுவந்து சேர்க்க, அவை அனைத்தும் தனித்தனி வீட்டு அடுப்புக்குப் போகாமல் பொது அடுப்புக்குச் சென்று, ஊரார் கூடி வெட்டி, நறுக்கி, இரவு நெடுகச் சமைத்து, சோறும் கறிக்குழம்புமாக வந்தோர் எல்லோருக்கும் வழங்கப்படுகின்றன. காணிக்கையாக வரும் ஆடுகள் நூற்றுக்கணக்கையும் தாண்டுவதாலும் உண்ண வருவோர் ஆயிரக்கணக்கில் திரள்வதாலும் பந்தி விடியும் வரை நீள்கிறது. உண்பவர்களில் கத்தோலிக்கர் அல்லாதோர் பலர் என்பதும், உண்டது போக ஒரு பகுதியைப் பாத்திரத்தில் வாங்கி வீட்டிலிருக்கும் நோயாளிக்கும் முதியோருக்கும் கொண்டுசெல்வது வழக்கம் என்பதும், இவ்விருந்தை வெறும் ஊர்ச் சாப்பாட்டிலிருந்து வேறுபடுத்துகின்றன. நேர்ச்சை செலுத்துபவர் அச்சத்தோடு தனியாகச் செய்த ஒப்பந்தம் இங்கே முன்பின் அறியாதவரின் இலையில் பரிமாறப்படும்போதுதான் முடிவடைகிறது. உண்பவருக்கு அது யாருடைய எந்த நோயின் ஆடு என்று தெரிவதில்லை, தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. திருநெல்வேலிச் சீமைச் சீர்திருத்தச் சபையினர் அசனப் பண்டிகை என்று நடத்தும் பொதுவிருந்து இதற்கு உறவானதே. எனினும் முத்தழகுபட்டியில் சமைக்கப்படுவது நேர்ச்சைப் பொருள் என்பதால், அதன் மகிழ்ச்சி நன்றிக் கடனின் எடையோடு வருகிறது. இவ்வழக்கம் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்பது ஊர்மரபு.

இத்தகைய வழக்கங்களைத் திருச்சபை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்ற வழக்கு மதுரை மிஷனின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது. மிஷன் என்பது இங்கே மறைபரப்புக்கென வகுக்கப்பட்ட நிலப்பரப்பையும் அதன் நிர்வாகத்தையும் குறிக்கும். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை நாட்டு வழக்கமாகவே கருதலாம் என்று வாதாடி, 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியின் ஆணையால் அதற்கு இசைவு பெற்றார். பொங்கலைச் சிலுவையின் அடியில் வைத்துக் கொண்டாடவும் தம் மக்களுக்கு இடமளித்தார். அறுவடையின் களிப்பை விட்டுவிட்டு மறையை ஏற்கும்படி உழவனிடம் சொல்வது அவன் உணராத ஒன்றைப் பற்றிப் பேசுவதாகும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே கொள்ளவேண்டும். ஆனால் உரோமையிலிருந்து தூதராக வந்த, பின்னாளில் கர்தினாலான தெ தூர்னோன் 1704-இல் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணை இந்தப் போக்கைத் தடுத்தது. திருமணத்தில் தேங்காய் உடைப்பதும் பெண் பூப்பெய்தியதைக் கொண்டாடுவதும் கிறித்தவ இசைவாணர் கோயில் விழாக்களில் வாசிப்பதும் அதில் விலக்கப்பட்டன. 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அத்தடையை உறுதிப்படுத்தினார். அதன்படி நடப்பதாக மறைப்பணியாளர்கள் எடுத்த சத்தியம் 1940 வரை நீடித்தது. ஆணையை எழுதியவர்கள் சிலை வழிபாட்டின் சாயலைத்தான் விலக்க எண்ணினார்கள், உண்மை. ஆயினும் அவர்கள் கைவைத்த இடங்களை அடுக்கிப் பார்த்தால், குடும்பமும் ஊரும் கூடிச் சிரிக்கும் இடங்களாகவே அவை அமைந்துவிட்டன. இதே ஆணை, நோயுற்ற தாழ்த்தப்பட்ட மக்களின் வீட்டுக்குள் குருக்கள் சென்றே தீரவேண்டும் என்றும் விதித்தது என்பதை மறந்துவிட்டு அதைக் கடுமையின் ஆவணமாக மட்டும் படிப்பது நேர்மையாகாது.

தடைகளின் அந்த நூற்றாண்டில்தான் தமிழில் கிறித்தவ நகைச்சுவையின் முதல் பெரும் படைப்பும் உருவாயிற்று. திண்டுக்கல்லில் இயேசு சபையாரின் பயிற்சி இல்லத்துக்குப் பெயர் தந்திருப்பவரும், இந்நகரத்து முதன்மை ஆலயத்தின் பாதுகாவலரான சூசையப்பரைத் தலைவனாகக் கொண்டு 1726-இல் தேம்பாவணி பாடி முடித்தவருமான பெஸ்கி என்னும் வீரமாமுனிவர், பரமார்த்த குருவையும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களையும் படைத்துப் பேச்சுத்தமிழ் பயில்வோருக்கான உரைநடையாக எழுதினார். 1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார். இக்கதைகளைப் பிற சமயக் குருமாரைக் கேலிசெய்யும் நூல் என்று கொள்வோர் உண்டு. காவியுடுத்தி, சீடர் புடைசூழ, குதிரை வாங்கவும் ஆறு கடக்கவும் அல்லலுற்றுத் தமிழகத்தில் அலைந்த குருக்களில் பெஸ்கியும் ஒருவர் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தச் சிரிப்பின் ஒரு பங்கேனும் அவர் தம்மீதே செலுத்தியது என்று தோன்றும்.

மகிழ்ச்சியைச் சொல்லும்போது வியாகுலத்தை, அதாவது மரியன்னையின் ஆழ்ந்த துயரை, விட்டுவிட முடியாது. இலங்கையில் பணியாற்றிய கோவா நாட்டுக் குரு யாக்கோமே கொன்சால்வஸ் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய வியாகுலப் பிரசங்கம் கத்தோலிக்கரின் தவக்கால வாசிப்பாகி, பெரிய வெள்ளியன்று ஊரையே அழவைத்தது. திண்டுக்கல் நகரின் ஒரு பகுதியான மேட்டுப்பட்டியில் புனித வியாகுல அன்னைக்கே ஆலயம் இருப்பதும், அங்கே பாஸ்கா விழா பல தலைமுறைகளாக நடைபெற்று வருவதும் இந்த மரபின் தொடர்ச்சியாகும். பாஸ்கா என்பது கிறித்துவின் பாடுகளையும் இறப்பையும் உயிர்ப்பையும் சுரூபங்களைக் கொண்டும் நடிகரைக் கொண்டும் இரவு நேரத்தில் மேடையில் காட்டும் நாடகம். ஐரோப்பியப் பாடுகளின் நாடகத்துக்கும் தமிழகத் தெருக்கூத்துக்கும் நடுவே பிறந்தது. யூதாசும் பிலாத்துவும் படைவீரரும் பேசும் இடங்களில் பார்வையாளர் கலகலப்பதும், சிலுவைக் காட்சியில் அதே கூட்டம் விம்முவதும், அடுத்த காட்சியில் வெடி முழங்க உயிர்ப்பு நிகழ்வதும் அதன் இயல்பு. கூட்டத்தின் ஓரத்தில் வளையலும் பலகாரமும் பொம்மையும் விற்கும் கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும். துயரத்தைச் சுருக்கிவிட்டு மகிழ்ச்சிக்கு விரைய வேண்டும் என்ற பதற்றம் இந்நாடகத்தில் இல்லை. அதனால்தான் அது ஒரு முழு இரவை எடுத்துக்கொள்கிறது.

சமவெளியின் மற்றொரு களிப்பு மாடுகளைச் சார்ந்தது. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கொசவபட்டி, புகையிலைப்பட்டி முதலிய கத்தோலிக்க ஊர்களில் அந்தோணியார், சந்தியாகப்பர், செபஸ்தியார் திருவிழாக்களை ஒட்டி ஜல்லிக்கட்டு நடைபெறுவது வெளியூராருக்கு வியப்பளித்தாலும், நாட்காட்டியைப் பார்ப்போருக்கு அதன் பொருத்தம் உடனே விளங்கும். எகிப்தியப் பாலைநிலத் துறவியும் தமிழ்க் கத்தோலிக்கரால் வனத்து அந்தோணியார் என்றும் பெரிய அந்தோணியார் என்றும் அழைக்கப்படுபவருமான புனிதரின் விழா சனவரி 17. செபஸ்தியாரின் விழா சனவரி 20. முன்னவர் ஐரோப்பிய மரபிலேயே கால்நடைகளின் காவலர், அவர் விழாவன்று மாடுகளை மந்திரிக்கும் சடங்கு அங்கும் உண்டு. மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த நாட்களில் இத்தகைய இரு புனிதர்கள் வந்து நின்றால், சமவெளியின் உழவர் அவர்களைத் தம்முடையவர்களாக்கிக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவைப்பட்டிருக்காது.

இந்த அந்தோணியாரைப் பற்றிய பழைய பதிவுகள், கடுந்துறவி என்ற அவரது படத்தோடு சற்றும் ஒட்டாத ஒன்றைச் சொல்கின்றன. அவரது வாழ்க்கையை நான்காம் நூற்றாண்டில் எழுதிய அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ், துறவியர் கூட்டத்தில் நிற்கும் அந்தோணியாரை முன்பின் பார்த்திராதவர்களும் அவரது முகத்தின் மலர்ச்சியால் இனங்கண்டனர் என்று குறித்திருக்கிறார். பாலைத் தந்தையரின் வாய்மொழித் தொகுப்பிலோ, அவர் தம் சகோதரர்களோடு வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து முகஞ்சுளித்த ஒரு வேடனிடம், வில்லில் அம்பேற்றி இழுக்கச் சொல்லி, மேலும் இழுக்கச் சொல்லி, இன்னும் இழுத்தால் வில் முறிந்துவிடும் என்று அவனே சொன்னதும், துறவியரையும் அப்படியே அளவுக்கு மீறி இழுத்தால் முறிந்துபோவார்கள் என்று விளக்கியதாக ஒரு நிகழ்ச்சி வருகிறது. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டு என்று நிறுவும்போது இதே வில் உவமையை யோவான் திருத்தூதர் மேல் ஏற்றிச் சொல்கிறார். களத்தில் காளையைத் தழுவுவோர் இந்நூல்களைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் தேர்ந்த புனிதர் அந்த விளையாட்டுக்கு முற்றிலும் அன்னியமானவரும் அல்லர். 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்தபோது திருவிழாவில் ஓர் அங்கம் நின்றுபோனதாகவே இவ்வூர்கள் உணர்ந்தன; 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்கும் அதை உறுதிசெய்த 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கும் பிறகு, காளைக்கும் வீரருக்கும் மருத்துவச் சோதனையும் முன்பதிவுமாக அது நடந்துவருகிறது.

அமெரிக்க மதுரை மிஷன் 1835-இல் திண்டுக்கல்லில் நிலையம் அமைத்தபோது, மகிழ்ச்சியைப் பற்றிய முற்றிலும் வேறான மரபொன்று இந்நகருக்குள் வந்தது. பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்டு 1810-இல் நிறுவப்பட்ட அமெரிக்க போர்டு என்னும் மறைபரப்பு நிறுவனத்தின் கிளை இது. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது. இதன் ஊழியர் பலரும் நியூ இங்கிலாந்துத் தூய்மைவாதிகளின் வழிவந்தவர்கள். அத்தூய்மைவாதிகள் 1659-இல் மாசசூசெட்ஸில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்துச் சட்டமியற்றியவர்கள். 1681-இல் அச்சட்டம் நீக்கப்பட்ட பிறகும் அந்த மாநிலத்தில் கிறிஸ்துமஸ் அரசு விடுமுறையானது 1856-இல்தான். ஆக, திண்டுக்கல்லில் நிலையம் தொடங்கப்பட்ட நாளில் அதைத் தொடங்கியவர்களின் சொந்த ஊரிலேயே கிறிஸ்துமஸ் ஒரு வேலைநாளாக இருந்தது. தேரும் கொடியும் வெடியும் இருந்த கத்தோலிக்க ஊர்களுக்கு நடுவே, நான்கு சுவரும் பிரசங்க மேடையும் மொழிபெயர்த்த ஞானப்பாட்டும் கொண்ட அவர்களது வழிபாடு எத்தனை வெறுமையாகத் தோன்றியிருக்கும் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. அவர்கள் மகிழ்ச்சியை வெறுத்தவர்கள் அல்லர். பள்ளியிலும் மருந்தகத்திலும் அதற்கு இடம் தேடியவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் திண்டுக்கல்லில் நெடுங்காலம் மருத்துவராகவும் போதகராகவும் இருந்த எட்வர்ட் செஸ்டர் அதற்குச் சான்று.

அவர்களுக்குத் தமிழ்ப் பாட்டைக் கொண்டுவந்து சேர்த்த வழி, இவ்வரலாற்றின் சிக்கலான பகுதி. பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்து, மறைப்பணியாளர் சுவார்ட்சிடம் பயின்று, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் ஆதரவைப் பெற்ற வேதநாயக சாஸ்திரியார், 1800-இல் பெத்லகேம் குறவஞ்சி இயற்றியதோடு பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் ஏராளமான கீர்த்தனைகளையும் பாடியவர். 1820-களில் தஞ்சைக்கு வந்த புதிய மறைப்பணியாளர்கள் வழிபாட்டில் தமிழிசைக்கும் விழாக்களில் பூக்களுக்கும் தடைவிதித்து, வேதாகமத்துக்குப் புதிய மொழிபெயர்ப்பைப் புகுத்தி, வழிபாட்டிலும் பந்தியிலும் சாதி வேற்றுமையை விடும்படி வற்புறுத்தியபோது, அவர் இவை நான்கையும் ஒரே மூச்சில் எதிர்த்து எழுதினார். பாட்டையும் பூவையும் காக்க எழுந்த அதே குரல், தனித்தனி இருக்கையையும் தனிப்பந்தியையும் காக்க எழுந்தது. சாஸ்திரியாரைப் போற்றுவோர் பின்னதைச் சொல்வதில்லை, பழிப்போர் முன்னதைச் சொல்வதில்லை. அவருக்கு இரண்டும் ஒரே வாழ்முறையின் பகுதிகளாக இருந்தன என்பதே உண்மை.

அமெரிக்க மதுரை மிஷனோ இதற்கு நேரெதிர்த் திசையிலிருந்து வந்தது. 1847-இல் அது சபையாரும் ஊழியரும் சாதியைக் கைவிட்டதற்கு அடையாளமாக ஒன்றாக அமர்ந்து உண்ணவேண்டும் என்று முடிவுசெய்ய, மறுத்த உபதேசியாரும் சபையாரும் பலராகத் திருவிருந்திலிருந்து விலக்கப்பட்டனர். அன்பின் விருந்து என்று ஆதித் திருச்சபை அழைத்த பொது உணவு இங்கே தேர்வுக்கூடமாயிற்று. அதன் நோக்கம் நேர்மையானது, ஆனால் அதில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் மகிழ்ந்து உண்டார்கள் என்பது வேறு கேள்வி. இந்த நிகழ்ச்சிக்கு ஆறே ஆண்டுகள் கழித்து, 1853-இல், அதே மிஷனைச் சேர்ந்தவரும் திண்டுக்கல் நிலையத்தில் பணியாற்றியவருமான எட்வர்ட் வெப், சாஸ்திரியாரின் பாடல்களைப் பெருமளவில் உள்ளடக்கிய கிறித்தவக் கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்டார். மேலைநாட்டு மெட்டில் மொழிபெயர்ப்புப் பாடல்களை இழுத்து இழுத்துப் பாடிய சபையார், தம் காதுக்குப் பழகிய இராகத்தில் தாளத்தோடு பாடக் கிடைத்ததும் அதை விடவே இல்லை. பின்னாளில் வத்தலக்குண்டிலும் பசுமலையிலும் இருந்த ஜார்ஜ் வாஷ்பர்ன் முதலியோர் அம்முயற்சியைத் தொடர்ந்தனர். தனிப்பந்தியை வலியுறுத்திய கவிஞரின் பாட்டை, சமபந்தியைக் கட்டாயமாக்கிய மிஷன் தன் மக்களுக்குக் கொடுத்தது. அந்த மக்கள் சமபந்தியில் அமர்ந்து அவருடைய பாட்டைப் பாடினார்கள். இரு தரப்பும் திட்டமிட்டு இது நேரவில்லை. மதுரை, திண்டுக்கல் பகுதிச் சீர்திருத்தச் சபைகள் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தபோது, கீர்த்தனை அச்சபைகளின் பொதுச்சொத்தாகிவிட்டிருந்தது. கிறிஸ்துமஸும் ஊருக்குள் வந்துவிட்டது. நள்ளிரவில் வீடுவீடாகச் செல்லும் கீதபவனியும் அறுப்பின் பண்டிகையில் பூசணியும் வாழைத்தாரும் ஏலம்விடும் கலகலப்பும், தூய்மைவாதிகளின் பேரப்பிள்ளைகள் நட்ட சபையில் தழைத்தன.

சாதி, திருவிழாவின் மகிழ்ச்சியை இருபக்கமும் தின்றது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் இரு சாதியாரும் ஒருவரையொருவர் பாராமல் பலிபீடத்தைப் பார்க்கும்படி 1872-இல் இரு கைகளாக ஆலயம் கட்டப்பட்டு, இடையிலிருந்த சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது பலரும் அறிந்த செய்தி. தமிழகக் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் தேர் எந்தத் தெருவரை போகும், கொடியை யார் சுமப்பார், திருவிழாச் செலவுக்கு யாரிடம் வரி வாங்கப்படும், யாரிடம் வாங்கப்படாது என்ற கேள்விகள் காவல்நிலையம் வரை சென்றிருக்கின்றன. வரி வாங்க மறுப்பது சலுகையன்று, மகிழ்ச்சியில் பங்கு தர மறுப்பது. ஆகவேதான் தலித் கத்தோலிக்கர் தம்மிடமும் வரி வாங்கவேண்டும் என்று போராடினார்கள். விழா வரியைக் கேட்டுப் பெற்றுச் செலுத்துவதற்காக ஒரு மக்கட்பிரிவு போராடியதைக்கொண்டே இத்தகைய ஊர்களில் திருவிழா என்னவாக இருந்தது என்பதை அளந்துவிடலாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட வழிபாட்டுக் கொள்கைத் திரட்டு தாய்மொழிக்கும் நாட்டு இசைக்கும் வாயில் திறந்ததும், தெ நொபிலி சிலுவையடியில் வைக்கச் சொன்ன பொங்கல் ஆலய முற்றத்துக்கே வந்தது. 1866-இல் தொடங்கி 1872-இல் முடிந்த புனித சூசையப்பர் ஆலயம், திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்து 2003-இல் திண்டுக்கல் மறைமாவட்டம் உருவானபோது பேராலயமாயிற்று. உரோமையும் தன் பங்குக்கு மகிழ்ச்சியைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தது: திருத்தந்தை ஆறாம் பவுல் 1975-இல் கிறித்தவ மகிழ்வைப் பற்றித் தனி மடல் எழுதினார், திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் நற்செய்தியின் மகிழ்ச்சியைத் தலைப்பாக்கி எழுதியதோடு, 2018-ஆம் ஆண்டு மடலில் நகைச்சுவை உணர்வைப் புனிதத்தின் அடையாளங்களுள் ஒன்றாக வைத்தார்.

கொள்ளைநோய்க் காவலரின் ஊர்களுக்கு 2020-இல் கொள்ளைநோயே வந்தது. மார்ச் இறுதியிலிருந்து தமிழகத்தின் வழிபாட்டிடங்கள் மூடப்பட்டு, ஆகஸ்டு முடியும் வரை பெருங்கூட்டத்துக்கும் பொதுவிருந்துக்கும் இடமில்லாமல் போனது. திருப்பலியை இணையத்தில் பார்க்க முடிந்தது, நவநாள் செபத்தை வீட்டில் சொல்ல முடிந்தது, உள்ளத்தைத் திடப்படுத்தும் உரைகளுக்கும் கைப்பேசியில் குறைவில்லை. தனிமனித மனநிலையாக மட்டும் மகிழ்ச்சியைக் கருதும் நூல்கள் பரிந்துரைக்கும் அனைத்தும் அந்த மாதங்களில் கிடைத்தன. பொது அடுப்பை மட்டும் மூட்ட வழியில்லை. கட்டுப்பாடுகள் நீங்கியதும் ஆடுகளும் கோழிகளும் அரிசி மூட்டைகளும் மீண்டும் முத்தழகுபட்டிக்கு வந்து சேர்ந்தன, அவற்றுள் அந்த இடைவெளியில் நேர்ந்துகொண்ட காணிக்கைகளும் கலந்திருந்திருக்க வேண்டும்.